கம்பியில்லா ஒலிவாங்கி: உறுப்புகளும் நமது பொறுப்புகளும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைய நிகழ்ச்சி நிரலில் வரவு செலவு அறிக்கைக்கு அடுத்தபடியாக ஒரு தீர்மானம் இடம்பெற்றிருக்கிறது. பள்ளிவாசலுக்கும் ஷாதி மஹாலுக்கும் பொதுவாகக் கம்பியில்லா ஒலிவாங்கித் தொகுப்பு ஒன்றை வாங்குவது பற்றிய தீர்மானம் அது. அதனைக் குறித்துச் சிலர், "இருக்கின்ற மைக்கே போதுமே, எதற்கு வீண் செலவு?" என்கின்றனர். வேறு சிலர், "கடையில் மலிவாகக் கிடைக்கிறதே, ஒன்றை வாங்கிப் போட்டால் முடிந்தது" என்கின்றனர். இரு சாராரும் ஜமாஅத்தின் நலம் கருதியே பேசுகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு பொருளின் தன்மையை அறிந்துகொள்ளாமல் அது வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முடிவு செய்வது முறையாகாது. பைத்துல்மாலின் பணம் அமானத். அதில் ஒரு ரூபாயைச் செலவிடுவதற்கும் அறிவு வேண்டும். செலவிடாமல் இருப்பதற்கும் அறிவு வேண்டும். ஆகவே, நூல்களில் படித்தும், மைக்செட் தொழிலில் நெடுங்காலம் பழகிய நண்பர்களிடம் கேட்டும் நாம் தெரிந்து கொண்டவற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

சொல் சென்று சேர வேண்டும்

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பெரிய ஜமாஅத்துகளில் இமாமின் தக்பீரைக் கடைசி வரிசை வரை கொண்டு சேர்க்க முபல்லிக் என்பவர் இடையில் நின்று அதனை உரக்கச் சொல்லி வந்தார். பின்னர் ஒலிபெருக்கி வந்தது. அதனைத் தொழுகையில் பயன்படுத்தலாமா என்று உலமாக்களிடையே நீண்ட விவாதம் நடைபெற்றதையும் மூத்தவர்கள் அறிவார்கள். அன்று முபல்லிக் செய்த பணியைத்தான் இன்று இந்தக் கருவி செய்கிறது. பேசுகின்றவரின் சொல் சிதையாமல், கூடாமல் குறையாமல், கடைசியில் அமர்ந்திருப்பவரின் செவியைச் சென்றடைய வேண்டும்; அதுவே நோக்கம். ஊரைக் கூட்டும் இரைச்சல் நமது நோக்கமன்று.

கம்பியில் இணைத்த மைக் இருக்க, கம்பியில்லாதது எதற்கு? ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். வாய்க்கும் மைக்கிற்கும் உள்ள தூரம் இரு மடங்கானால், மைக்கை நேரடியாக எட்டும் ஒலியின் அளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. 20 சென்டிமீட்டரில் இருந்த வாய் 80 சென்டிமீட்டருக்கு விலகினால் 12 டெசிபல் குறைந்துவிடும். ஸ்டாண்டில் நிற்கும் மைக்கின் முன்னே தொழுவிக்கும் இமாம் ருகூவிற்கும் ஸுஜூதிற்கும் செல்லும்போது மேல்தளத்தில் இருக்கும் பெண்களுக்குத் தக்பீர் கேட்காமல் போவதற்குக் காரணம் இதுதான். மேடையில் பேசுகின்றவர் முகத்தை ஒரு பக்கம் திருப்பினால் பாதிச் சொற்கள் மறைவதும் இதனால்தான். மைக் உடலோடு சேர்ந்தே நகருமானால் அந்தத் தூரம் மாறுவதில்லை. மேடையில் கம்பி தடுக்கி விழும் ஆபத்தும் இல்லை. மத்ரஸா ஆண்டு விழாவில் பத்துப் பிள்ளைகள் அடுத்தடுத்து வந்து ஓதும்போது கையிலிருந்து கைக்கு மாற்றுவதும் எளிது.

இத்தொழில்நுட்பம் நேற்றுப் பிறந்ததன்று. மேடைக் கலைஞர்களுக்கான கம்பியில்லா மைக்கை அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 1953-ஆம் ஆண்டிலேயே 'வாகபாண்ட்' என்ற பெயரில் வெளியிட்டது. ஜெர்மனியில் சென்ஹைசர் நிறுவனமும் அதே 1950-களில் இத்துறையில் இறங்கியது. அன்று பெரும் அரங்குகளுக்கு மட்டுமே எட்டிய பொருள் இன்று சிற்றூர்ப் பள்ளிவாசலுக்கும் எட்டும் நிலைக்கு வந்திருக்கிறது.

முதல் உறுப்பு: ஒலிவாங்கி

இத்தொகுப்பை ஒரு சங்கிலியாக எண்ணிக் கொள்ளுங்கள். ஒலிவாங்கி, அனுப்பி, ஆண்டெனா, வாங்கி, அதிலிருந்து மிக்ஸருக்குச் செல்லும் இணைப்பு, இவை யாவற்றையும் இயக்கும் மின்சக்தி ஆகியவையே அதன் கண்ணிகள். ஒரு கண்ணி பழுதானாலும் சங்கிலி அறுந்துவிடும்.

ஒலிவாங்கி என்பது ஒலியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் பகுதி. இதில் இரு வகைகள் நமக்கு முக்கியம். முதலாவது டைனமிக் வகை. மெல்லிய சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தத்தினிடையே அசைந்து மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. இது உறுதியானது; கைதவறி விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும்; இயங்குவதற்குத் தனி மின்சாரம் வேண்டுவதில்லை. கையில் பிடிக்கும் மைக்குகளில் பெரும்பாலும் இதுவே உள்ளது.

இரண்டாவது கண்டென்ஸர் வகை. அதன் ஒரு பிரிவான எலக்ட்ரெட் மைக்கை 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் ஆகிய இரு அறிஞர்கள் உருவாக்கினர். கடுகு போன்ற சிறிய அளவிலும் நல்ல ஒலியைத் தருவதால், சட்டைக் கழுத்தில் குத்திக்கொள்ளும் காலர் மைக்கிற்கு இதுவே ஏற்றது. இது இயங்கச் சிறிதளவு மின்சாரம் தேவை. இடுப்பில் செருகும் அனுப்பிப் பெட்டி அதனை வழங்குகிறது.

மைக் எத்திசையில் கேட்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. முன்புறத்து ஒலியை மிகுதியாகவும் பின்புறத்து ஒலியைக் குறைவாகவும் வாங்கும் வகையைக் கார்டியாய்ட் என்பர். எல்லாத் திசையையும் ஒன்றுபோல் வாங்குவது ஆம்னி. கையில் பிடிக்கும் மைக் பெரும்பாலும் முதல் வகை. காலர் மைக் பெரும்பாலும் இரண்டாம் வகை. மேடையில் சிலர் மைக்கின் வலைத் தலையைக் கைக்குள் பொத்திப் பிடித்துப் பேசுவதைக் காண்கிறோம். அவ்வாறு பொத்தினால் பின்புறத்துத் துளைகள் அடைபட்டு, அது நாற்புறமும் கேட்கும் மைக்காக மாறிவிடுகிறது. பாக்ஸிலிருந்து வரும் ஒலியே மறுபடியும் மைக்கிற்குள் நுழைந்து ஊளையிடத் தொடங்குகிறது. நாமோ மைக்செட் பையனைக் கோபித்துக் கொள்கிறோம்!

இரண்டாம் உறுப்பு: அனுப்பி

மைக் உண்டாக்கும் மின்னோட்டம் ஆயிரத்தில் சில பங்கு வோல்ட் அளவே கொண்ட நுண்ணிய ஒன்று. அதனை வானலையில் ஏற்றி அனுப்புவதே அனுப்பியின் வேலை. கையில் பிடிக்கும் மைக்கில் அது கைப்பிடிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. காலர் மைக்கில் அது இடுப்பில் செருகும் சிறு பெட்டி.

அனுப்பிக்குள் நடப்பது என்ன? முதலில் அந்த நுண்ணிய ஓட்டம் பெரிதாக்கப்படுகிறது. அடுத்து அனலாக் வகைக் கருவிகளில் ஒலியின் ஏற்ற இறக்கம் பாதியாக அழுத்தப்படுகிறது. மென்மையான முணுமுணுப்பிற்கும் உரத்த முழக்கத்திற்கும் இடையே 100 டெசிபல் வேறுபாடு இருந்தால், அது 50 டெசிபலாகச் சுருக்கப்படுகிறது. மறுமுனையில் உள்ள வாங்கி அதனை மீண்டும் விரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. பெரிய ஜமுக்காளத்தைச் சுருட்டி வண்டியில் ஏற்றி, போய்ச் சேர்ந்த இடத்தில் விரிப்பது போன்றது இது. வழியில் சேரும் இரைச்சல் செவிக்குத் தெரியாதபடி அடங்குவதற்கு இந்த ஏற்பாடு உதவுகிறது.

பின்னர் அவ்வொலி ஒரு வானொலி அலையின் மீது ஏற்றப்படுகிறது. எஃப்.எம். வானொலி நிலையம் செய்வதைத்தான் இந்தச் சிறு கருவியும் செய்கிறது. மேடை மைக்குகள் பலவற்றின் ஆற்றல் 10 முதல் 50 மில்லிவாட் வரையே. அதாவது ஒரு வாட்டில் நூற்றில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்கு வரை. 4ஜி கைப்பேசி ஒன்று தேவைப்படும்போது ஏறத்தாழ 200 மில்லிவாட் வரை வெளியிடும் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இத்துணை மெல்லிய அலை தடையின்றிச் செல்ல வழி வேண்டும் என்பதைப் பின்னால் வரும் செய்திகள் அனைத்திற்கும் அடிப்படையாகக் கொள்ளுங்கள்.

டிஜிட்டல் வகைக் கருவிகளில் ஒலி எண்களாக மாற்றப்பட்டு அனுப்பப்படுகிறது. அங்கே இந்தச் சுருக்கி விரிக்கும் ஏற்பாடு தேவையில்லை. ஒலியும் தெளிவாக இருக்கும். எண்ணாக மாற்றி மீண்டும் ஒலியாக்குவதற்குச் சில மில்லிசெகண்ட் தாமதம் ஏற்படும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடப்பதற்கே ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகிறது என்பதால் இத்தாமதம் நமக்குப் பொருட்டன்று. ஆனால், சிறுவர்கள் பாட்டுப் பாடி விளையாடும் புளூடூத் மைக்குகளில் தாமதம் 100 மில்லிசெகண்டையும் தாண்டக்கூடும். பேசுகின்றவரின் உதடு ஒன்று சொல்ல, பாக்ஸ் சற்றுப் பிந்திச் சொல்லும். தம் குரலே தம்மைத் துரத்துவது கண்டு பேச்சாளர் தடுமாறிப் போவார். ஆகவே மலிவு கருதி அத்தகைய மைக்கை மேடைக்கு வாங்குவது பொருந்தாது.

மூன்றாம் உறுப்பு: ஆண்டெனா

ஆண்டெனாவின் நீளத்தை அலையின் நீளமே தீர்மானிக்கிறது. 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 50 சென்டிமீட்டர். அதில் கால் பங்கான 12.5 சென்டிமீட்டர் ஆண்டெனா அதற்குப் போதும். 200 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அதுவே 37.5 சென்டிமீட்டர் ஆகும். பழைய மைக்குகளில் வால் போன்ற நீண்ட கம்பி தொங்கியதற்கும் புதியவற்றில் அது குறுகிப் போனதற்கும் இதுவே காரணம். எனவே ஆண்டெனா உடைந்தால் கையில் கிடைத்த கம்பியைச் செருகுவது தவறு. கையில் பிடிக்கும் மைக் பலவற்றின் ஆண்டெனா அடிப்பகுதியில் உள்ளது. அதனை உள்ளங்கையால் மூடிப் பிடித்தால் அலை தடைபடும். தலையையும் பொத்தாதீர்கள், அடியையும் பொத்தாதீர்கள், நடுவில் பிடியுங்கள். இந்த ஒரு சொல்லை நினைவில் வைத்தாலே நமது மேடைத் தொல்லைகளில் பாதி தீர்ந்துவிடும்.

நான்காம் உறுப்பு: வாங்கி

வாங்கி என்பது மிக்ஸரின் அருகில் வைக்கப்படும் பெட்டி. வானில் அலையும் எண்ணற்ற அலைகளுள் தனக்குரிய ஒன்றை மட்டும் வடிகட்டி எடுத்து, அதில் ஏறி வந்த ஒலியை இறக்கி, சுருக்கியதை விரித்து வெளியே தருவது அதன் பணி. தனக்குரிய அலை வராதபோது வாயை மூடிக்கொண்டிருக்கவும் வேண்டும். அந்த ஏற்பாட்டிற்கு ஸ்கெல்ச் என்று பெயர். அது இல்லையேல் மைக்கை அணைத்த மறுகணமே பாக்ஸில் 'இஸ்...' என்ற பேரிரைச்சல் எழும். தரமான கருவிகளில் அனுப்பி தன் ஒலியோடு செவிக்குக் கேட்காத ஓர் அடையாளத் தொனியையும் சேர்த்தனுப்புகிறது. அந்த அடையாளம் இருந்தால்தான் வாங்கி கதவைத் திறக்கும்.

இந்த ஏற்பாடு எத்துணை அவசியம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் மண்டபம் ஒன்றில் நிக்காஹ் நடத்தி வைக்கச் சென்றிருந்தோம். வாடகைக்கு வந்திருந்த மைக்கை அணைத்துவிட்டு, தஃப்தரில் கையொப்பம் வாங்கிக் கொண்டிருந்த வேளையில், அடுத்த தெரு மண்டபத்தின் பாட்டுக் கச்சேரி நமது பாக்ஸில் முழங்கத் தொடங்கிவிட்டது! அங்கும் அதே அலைவரிசை. நமது அலை நின்றவுடன் வாங்கி அண்டை வீட்டு அலையைப் பிடித்துக் கொண்டது. அங்கிருந்தோர் சிரித்துவிட்டனர். ஆனால் அதுவே ஜனாஸா அறிவிப்பின் போதோ, குத்பாவின் போதோ நிகழ்ந்திருந்தால்?

வாங்கியில் இரண்டு ஆண்டெனாக்கள் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது அழகிற்காக அன்று. மைக்கிலிருந்து புறப்படும் அலை நேராகவும் வருகிறது. சுவரிலும் இரும்புத் தூணிலும் பட்டுத் தெறித்தும் வருகிறது. இவ்விரண்டும் ஓரிடத்தில் எதிரெதிராகச் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். 600 மெகாஹெர்ட்ஸில் இரு வழிகளின் தூரத்திற்கு இடையே 25 சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தாலே இது நிகழலாம். பேசுகின்றவர் ஓரடி நகர்ந்ததும் ஒலி 'சடக்' என்று அறுந்து, மீண்டும் ஓரடி நகர்ந்ததும் திரும்பி வருவதன் மர்மம் இதுதான். இரு ஆண்டெனாக்கள் இருந்தால் ஒன்றில் அலை அழிந்தாலும் மற்றொன்றில் இருக்கும். இருவேளையும் ஒரே நேரத்தில் அழிவது அரிது. இதற்கு டைவர்ஸிட்டி என்று பெயர். இரண்டு ஆண்டெனாவிற்கும் இரண்டு தனித்தனி வாங்கிப் பகுதிகள் உள்ளதை ட்ரூ டைவர்ஸிட்டி என்பர். வாங்கும்போது இதனைக் கேட்டு உறுதிசெய்து கொள்ள வேண்டும். வெளியே இரு கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு மட்டும் ஏமாந்துவிடக் கூடாது.

வாங்கியை எங்கே வைப்பது? இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினால் அலை உள்ளே நுழையாது. தரையில் வைத்தால் முன்னே அமர்ந்திருக்கும் மக்களே தடையாவர். மனித உடலில் பெரும்பகுதி நீர் என்பதால் இத்தகைய அலைகளை அது உறிஞ்சிவிடும். ஆகவே தலைக்கு மேல் உயரத்தில், மைக்கைக் கண்ணால் காணக்கூடிய இடத்தில், இரு ஆண்டெனாக்களையும் 'வி' வடிவில் விரித்து வைக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையர் அறை தொலைவில் இருந்தால், வாங்கியை மேடையருகில் வைத்து அங்கிருந்து நல்ல ஒலிக் கம்பியை இழுத்துச் செல்வதே சிறந்தது.

அந்த ஒலிக் கம்பிதான் அடுத்த இணைப்பு. மூன்று முனைகள் கொண்ட எக்ஸ்எல்ஆர் இணைப்பு, வழியில் சேரும் மின்சார உறுமலை நீக்கிவிடும். ஒற்றைக் குச்சிபோன்ற சாதாரண ஜாக்கில் நீண்ட தூரம் இழுத்தால் உறுமல் சேரும். புதிய கருவியை வாங்கிவிட்டுப் பழைய கம்பியையே மாட்டுவது, புதுக் குடத்தில் பழைய ஓட்டைக் குழாயைப் பொருத்துவதைப் போன்றது.

அலைவரிசை யாருக்குச் சொந்தம்?

வானம் எல்லோருக்கும் பொது. ஆனால் அலைவரிசையை அவரவர் விருப்பம்போல் எடுத்துக்கொள்ள முடியாது. இந்தியாவில் அதனைப் பங்கிடும் பொறுப்பு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள வயர்லெஸ் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவிடம் உள்ளது. காலத்திற்கேற்ப இப்பங்கீடு மாறவும் செய்கிறது. அமெரிக்காவில் 698 முதல் 806 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் கம்பியில்லா மைக்குகளைப் பயன்படுத்துவது 2010 ஜூன் முதல் தடைசெய்யப்பட்டது. 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியிலும் 2020 ஜூலையில் அவை விலக்கப்பட்டன. அவ்விடங்கள் கைப்பேசிச் சேவைக்குச் சென்றன. நமது நாட்டிலும் 2022-இல் நடந்த ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை 5ஜி சேவைக்காக விற்கப்பட்டது.

இதனை ஏன் சொல்கிறோம்? நம் சகோதரர்கள் வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும்போது பள்ளிவாசலுக்கென்று அன்போடு மைக் வாங்கி வருகின்றனர். அவர்களின் எண்ணத்திற்கு இறைவன் நற்கூலி வழங்குவானாக! ஆனால் ஒரு நாட்டின் பங்கீட்டிற்கு ஏற்பச் செய்யப்பட்ட கருவி மற்றொரு நாட்டில் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. வேறு நாட்டில் விலக்கப்பட்ட பழைய கருவிகளும் மலிவு விலையில் கைமாறுகின்றன. இங்கே கைப்பேசிக் கோபுரத்தின் பேராற்றலுக்கு முன்னால் நமது 10 மில்லிவாட் நில்லாது. அதைவிட முக்கியமாக, பிறருக்கு உரிமையான அலையில் நாம் குறுக்கிடுவதும் ஆகாது. ஆகவே அன்பளிப்புச் செய்ய நாடுவோர் முதலில் நிர்வாகத்திடம் கலந்துகொள்ளுங்கள். இங்கே வாங்கும்போதும் இந்திய அரசின் உபகரண ஒப்புதல் உள்ளதா என்று கேட்டு, பில்லுடன் வாங்க வேண்டும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத்தக்கது. ஆனால் வைஃபையும் புளூடூத்தும் அங்கேதான் குடியிருக்கின்றன. நூறு பேர் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் மண்டபத்தில் அது நெரிசலான சந்தை. சிறிய அறைக்கு அது போதுமானது. பெரிய மண்டபத்திற்கு நன்கு சோதித்த பின்னரே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட மைக் வேண்டுமென்றால் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே அலைவரிசையில் இரு மைக்குகள் இயங்க முடியாது. வெவ்வேறு அலைவரிசை கொடுத்தாலும், இரண்டும் சேர்ந்து மூன்றாவது ஒன்றைப் பிறப்பிக்கும். 600.0, 600.5 என இரு மைக்குகள் இயங்கினால் 599.5-இலும் 601.0-இலும் போலி அலைகள் தோன்றும். மூன்றாவது மைக்கைச் சமமான இடைவெளி என்று எண்ணி 601.0-இல் வைத்தால் தொல்லைதான். இக்கணக்கை நாம் போட வேண்டியதில்லை. தயாரிப்பாளர்களே பொருந்தும் அலைவரிசைகளைக் குரூப், சேனல் என்று வகுத்துத் தந்திருக்கின்றனர். எல்லா மைக்கையும் ஒரே குரூப்பிற்குள் வெவ்வேறு சேனல்களில் வைத்தால் போதும். இயங்கும் மைக்குகளை மேசைமேல் ஒட்டி ஒட்டி வைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

செல் இல்லாத மைக் வெறும் கட்டை

கம்பியில்லா மைக் பாதியில் நின்று போவதற்குப் பெரும்பாலும் காரணம் செல் தீர்ந்து போவதே. சாதாரண அல்கலைன் பென்சில் செல் 1.5 வோல்ட், மறுபடி சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட். பின்னதை ஒருமுறை வாங்கினால் நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் செய்யலாம். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஜமாஅத்திற்கு மிச்சம். ஆனால் அதற்கு ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு வியாழன் இரவும் சார்ஜில் போட்டு, ஜும்ஆவிற்கு முன் மாட்டி, மாற்றுச் செல் ஒரு ஜோடியை மிம்பரின் அருகில் வைத்திருக்க வேண்டும். பழைய செல்லோடு புதியதைச் சேர்த்துப் போடக் கூடாது. பல நாள் பயன்படுத்தாத மைக்கில் செல்லை விட்டுவைத்தால் அது கசிந்து உள்ளுறுப்பை அரித்துவிடும்.

சொல்லின் அமானத்

அன்பிற்குரியவர்களே! இவ்வுரையில் நாம் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதுவே. அனலாக் வகைக் கம்பியில்லா மைக் என்பது ஒரு சிறு வானொலி நிலையம் என்று சொன்னோம். அப்படியானால் அதன் ஒலி இந்தச் சுவர்களோடு நின்றுவிடுமா? நிற்காது. அதே அலைவரிசையில் திருப்பிய வாங்கி ஒன்று வெளியே இருந்தால், அங்கும் அதே ஒலி கேட்கும். கதவைச் சாத்தினாலும் அலை கதவில் நிற்பதில்லை.

நமது ஜமாஅத் அலுவலகத்தில் கணவன் மனைவி பிணக்குகள் விசாரிக்கப்படுகின்றன. கடன் வழக்குகளும் சொத்துப் பங்கீடுகளும் பேசப்படுகின்றன. ஒரு சகோதரி கண்ணீரோடு சொன்ன சொல் அந்த அறையைத் தாண்டக் கூடாது. அவ்விசாரணைகளில் கம்பியில்லா மைக்கை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது என்று நாம் கேட்டுக்கொள்கிறோம். டிஜிட்டல் கருவிகளில் சிலவற்றுள் ஒலியை மறைகுறியாக்கி அனுப்பும் வசதி உண்டு. ஆயினும் ஐந்தாறு பேர் அமரும் அறையில் மைக்கே தேவையில்லை அல்லவா?

இதனோடு சேர்ந்தது மைக்கை அணைக்கும் பழக்கம். பயானை முடித்துக் காலர் மைக்கோடு இறங்கி வந்தவர், அது இயங்குவதை மறந்து ஒருவரின் அந்தரங்கத்தைக் கேட்கத் தொடங்கினால், ஊர் முழுதும் அதனைக் கேட்கும். ஆகவே மேடையை விட்டு இறங்கும்போதே மியூட் செய்ய வேண்டும். மிக்ஸரில் இருப்பவரும் அதற்குரிய ஒலியைக் குறைத்துவிட வேண்டும். ஒருவர் மறந்தால் மற்றவர் காக்கட்டும்.

நிக்காஹ் மேடையிலும் ஒரு வரம்பு உண்டு. ஈஜாபையும் கபூலையும் சாட்சிகள் இருவரும் செவியுற வேண்டும். மைக் சபையோருக்குத்தான். சாட்சிகள் பாக்ஸை நம்பித் தொலைவில் அமராமல், மணமகனின் அருகில் அமர்ந்து நேரிலேயே கேட்கட்டும். கருவி அறுந்தாலும் சாட்சியம் அறுந்துவிடக் கூடாது.

நாம் முன்வைக்கும் கோரிக்கைகள்

நிர்வாகத்தினருக்கும் பொதுக்குழுவிற்கும் நாம் பணிவுடன் முன்வைப்பவை இவை:

முதலாவது, காலர் மைக் ஒன்றும் கைமைக் ஒன்றுமாக, இரு ஆண்டெனா கொண்ட நல்ல தொகுப்பு ஒன்று நமக்குப் போதும். எண்ணிக்கையைப் பெருக்குவதைவிடத் தரத்தைப் பார்ப்போம்.

இரண்டாவது, பணம் கொடுப்பதற்கு முன் கருவியை நமது பள்ளிவாசலுக்கே கொண்டுவரச் சொல்லி, மக்கள் நிறைந்திருக்கும் ஒரு ஜும்ஆ நாளில் பயானின் போது சோதித்துப் பார்ப்போம். மிம்பரிலிருந்து வாசல் வரை நடந்து பார்க்கட்டும். காலியான கடையில் நன்றாகக் கேட்டது கூட்டத்தில் கேட்கும் என்பதற்கு உறுதியில்லை.

மூன்றாவது, கம்பி மைக்கை அகற்றிவிடக் கூடாது. அது எப்போதும் தயாராக நிற்கட்டும். பெருநாள் தொழுகையில் முபல்லிக் ஒருவரையும் நியமித்து வைப்போம். கருவி நின்றால் ஜமாஅத் கலையாமல் இருப்பதற்கு அதுவே வழி.

நான்காவது, மோதினாருக்கும் இளைஞர்கள் இருவருக்கும் முறையாகப் பயிற்சி அளித்து, பொறுப்பை அவர்களிடமே ஒப்படைப்போம். செல் மாற்றிய நாள், பழுது நேர்ந்த நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வரட்டும். ஆளுக்கொரு பக்கம் திருகினால் எந்தக் கருவியும் நிலைக்காது.

ஐந்தாவது, நல்ல மைக் கிடைத்துவிட்டது என்பதற்காக ஒலியைக் கூட்ட வேண்டாம். ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000-ஆம் ஆண்டிலேயே வந்துள்ளன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கு அவற்றில் தடை உண்டு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்ற வரம்பும் உண்டு. அண்டை வீட்டில் நோயாளி இருக்கலாம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். அவர் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் அவருடைய உறக்கத்திற்கு நாம் பொறுப்பு. தெளிவாகக் கேட்கும் ஒலிக்கு உரக்கக் கத்தும் அவசியம் இல்லை. நல்ல கருவியின் பயனே அதுதான்.

அருமைச் சகோதரர்களே! கடைசி வரிசையில், தூணோரம், நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவர்கள் பலருக்குச் செவிப்புலன் மங்கிவிட்டது. இளமையில் இப்பள்ளிவாசலுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் அவர்கள். வாரந்தோறும் வந்து அமர்ந்து, ஒன்றும் விளங்காமல், ஆனால் குறை சொல்லாமல் எழுந்து செல்கின்றனர். மேல்தளத்துத் தாய்மார்களின் நிலையும் அதுவே. இந்தத் தீர்மானத்தை அவர்களை மனத்தில் நிறுத்தி முடிவு செய்யுங்கள். வாங்குவதென்று முடிவானால் அறிந்து வாங்குவோம். வாங்கியபின் பேணிக் காப்போம். இப்போது வேண்டாம் என்று முடிவானால், இருக்கும் மைக்கையும் கம்பியையும் பாக்ஸையும் செம்மைப்படுத்தியாவது அவர்களுக்குக் கேட்கச் செய்வோம். எப்படியாயினும் அவர்கள் கேளாமலே திரும்பிச் செல்லும் நிலை இனி நீடிக்கக் கூடாது.

 எல்லாம் வல்ல இறைவன் நமது ஜமாஅத்தில் ஒற்றுமையையும் பரக்கத்தையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.